ராத்தாவின் கோப்பு



எங்கள் மூத்த சகோதரி 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வஃபாத்தானார். வயது 43. பித்தப்பையில் கல் இருக்கிறது, சிறு துளையிட்டு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் ஜனாஸாவாக ஊருக்குக் கொண்டு வந்தோம்.

இதை நாங்கள் எழுத ஒரு காரணம் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் வழக்கு நடத்தியது எங்கள் மஹல்லாவில் தெரியவந்த பிறகு, இஷாத் தொழுகைக்குப் பின் யாராவது ஒருவர் நெகிழிப்பை நிறைய மருந்துச் சீட்டுகளோடு வீட்டு வாசலில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. சிலர் காலம் கடந்து வருகிறார்கள். சிலர் ஒரு காகிதமும் இல்லாமல் வருகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. "கேஸ் போட்டா குத்தமாயிடுமா? கத்ரைப் பொருந்திக்கிறதுதானே ஈமான்?" என்பதே அது. எங்கள் வீட்டிலும் முதலில் எழுந்த கேள்வி அதுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

அறுவை நடந்த மறுநாளே ராத்தாவின் வயிறு உப்பத் தொடங்கியது. காய்ச்சலும் இருந்தது. கேட்டபோது, "துளை போட்ட காற்று, போய்விடும்" என்றார்கள். மூன்றாம் நாள் வலி தாங்காமல் ராத்தா படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வலிக்கு ஊசி போட்டார்கள். நான்காம் நாள் காலை கண்கள் மஞ்சளாக இருந்ததை உம்மாதான் முதலில் கண்டார். அன்று நண்பகலில் திடீரென்று "பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். திருச்சியில் அன்றிரவே மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். பித்த நாளத்தில் சேதம் ஏற்பட்டுப் பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்கியிருந்தது. நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. மறுநாள் அஸருக்குச் சற்று முன் ரூஹு பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

திருச்சி மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, "போலீசுக்குத் தகவல் தர வேண்டுமா? பிரேதப் பரிசோதனை வேண்டுமா?" என்று கேட்டார். அவர் ஏன் கேட்கிறார் என்பது அந்த நேரத்தில் எங்களுக்கு விளங்கவில்லை. மையித்தை அறுப்பதா என்ற அதிர்ச்சிதான் மேலிட்டது. மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. மேலும், அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது என்பது நம் இரத்தத்தில் ஊறியது. மச்சான் "வேண்டாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். இரவு பதினொன்றரை மணிக்குக் கபர்ஸ்தானில் மண் தள்ளிவிட்டு வீடு திரும்பினோம்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜனாஸா ஊருக்கு வரும் வழியில், ராத்தாவின் மகனும் அவன் நண்பர்கள் நால்வரும் முதல் மருத்துவமனையின் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். கண்ணாடிக் கதவை நோக்கி ஒருவன் கல்லை எடுத்தே விட்டான். கூட வந்த ஜமாஅத் பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியிராவிட்டால், இன்று வழக்கு நடத்துவது நாங்களாக இருந்திருக்காது. வழக்கைச் சந்திப்பவர்களாக இருந்திருப்போம். மருத்துவமனைகளையும் ஊழியர்களையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் தனிச்சட்டம் இருக்கிறது. அதன்கீழான குற்றம் பிணையில் விட முடியாதது. கோபத்தில் எறியும் ஒரு கல், நியாயம் நம் பக்கம் இருந்தும் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

நாற்பது நாள்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தோன்றவுமில்லை. பின்னர் ஒருநாள், ராத்தாவின் மகள் திருச்சி மருத்துவமனையின் அறுவைக் குறிப்பை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போது பார்மஸி இரண்டாம் ஆண்டு. வயிற்றிலிருந்து இரண்டு லிட்டருக்கும் மேல் பித்தம் கலந்த நீர் வெளியேற்றப்பட்டது என்று அதில் இருந்தது. "மாமா, இது ஒரே நாளில் சேருமா?" என்று கேட்டாள். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை உம்மாவிடம் கொண்டுபோனபோது உம்மா மறுத்துவிட்டார். "அல்லாஹ் எழுதினது அவ்வளவுதான். அவளைக் கோர்ட்டுக்கு இழுக்காதீங்க" என்றார். இருவேறு அணியாக வீடு பிரிந்தது. மச்சான் வாய் திறக்கவே இல்லை. கையொப்பமிட்டது அவர்தானே.

எங்கள் பள்ளியின் ஹஜ்ரத்திடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு செய்திகளைச் சொன்னார். மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைவித்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற பொருளில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இருக்கிறது. அதை வைத்து ஃபிக்ஹ் நூல்களில் மருத்துவரின் பொறுப்பு எதுவரை என்று இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தேர்ந்தவர் தம் தொழிலின் முறைப்படி செய்து, அதற்கப்பாலும் நோயாளி இறந்தால் அவர் மீது பொறுப்பில்லை. முறையை மீறினால் உண்டு என்பது அதன் சாரம். இன்னொன்று: தவறுதலாக நேர்ந்த கொலைக்கே குர்ஆன் தியத்தை விதித்திருக்கிறது. ஆக, நஷ்டஈடு கேட்பது இரத்தத்தை விற்பதன்று. மன்னிப்பதற்கும் வாரிசுகளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் "எதை மன்னிக்கிறோம்னு தெரிஞ்சாத்தானே தம்பி மன்னிக்க முடியும்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை உம்மாவிடம் அப்படியே சொன்னோம். உம்மா நெடுநேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க" என்றார்.

என்ன நடந்தது என்று கேட்பதற்கு முதற்படி கோப்பு. மருத்துவமனையில் சேர்ந்த நாள் முதல் எழுதப்பட்ட கேஸ் ஷீட், செவிலியர் குறிப்புகள், மயக்க மருந்துக் குறிப்பு, அறுவைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், பரிசோதனை முடிவுகள் அனைத்தும் அதில் அடங்கும். நம் கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி அதன் சுருக்கம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் மருத்துவர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த விதி எங்களுக்குத் தெரியாது. முதலில் நேரில் போய் வாய்மொழியாகக் கேட்டோம். "அதெல்லாம் வெளியே தர்றதில்லை" என்றார் வரவேற்பில் இருந்தவர். பிறகு வழக்கறிஞர் ஒருவர் சொன்னபடி, விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்து நாளில் 94 பக்கங்கள் வந்தன. நகல் எடுத்த கட்டணத்துக்கு ரசீதும் வைத்திருந்தார்கள்!

இங்கே நாங்கள் செய்யத் தவறியதைச் சொல்ல வேண்டும். கோப்பை நாங்கள் கேட்டது மரணத்துக்கு ஐந்து மாதம் கழித்து. முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் ஒரு கோப்புக்கு என்னவெல்லாம் நேரலாம் என்று பிறகு பலர் சொல்லக் கேட்டோம். எங்களுக்கு வந்த கோப்பில் பெரிய திருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த 94 பக்கங்களை எடுத்துக்கொண்டு, அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகிறோம். ஒரு வாரம் வைத்திருந்து படித்தார். முதலில் அவர் சொன்னது எங்களுக்குக் கசந்தது. "பித்த நாளத்தில் காயம் படுவது தேர்ந்த கைகளிலும் எப்போதாவது நடக்கும். அதற்காக மட்டும் வழக்குப் போட்டால் நிற்காது" என்றார். பிறகு செவிலியர் குறிப்புகளின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்றாம் நாள் இரவு 2.10 மணிக்கு, நாடித்துடிப்பு 128, வயிறு உப்பல், நோயாளி கடும் வலியில், மருத்துவருக்குத் தகவல் தரப்பட்டது என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த மருத்துவர் குறிப்பு காலை 9.30க்கு. அதிலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. "கேள்வி இங்கேதான் இருக்கிறது" என்றார்.

மருத்துவக் கவனக்குறைவு என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெளிந்தது. விளைவு கெட்டதாக இருப்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் காட்டியிருக்கும் கவனத்தை இவர் காட்டினாரா என்பதே அளவுகோல். காட்டவில்லை என்பதையும், அதனால்தான் கேடு நேர்ந்தது என்பதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். சில சமயம் நிகழ்வே சாட்சி சொல்லும். 1963இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணி விடப்பட்டு அவர் இறந்தார். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. வயிற்றுக்குள் துணி எப்படிப் போயிற்று என்பதை விளக்க நிபுணர் எதற்கு? எங்கள் வழக்கு அப்படிப்பட்டதன்று. எங்களுக்கு நிபுணர் தேவைப்பட்டார். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் சிக்கலான சிகிச்சையில் அது இல்லாமல் போவது இருட்டில் ஊசி தேடுவது போன்றது.

எங்கே முறையிடுவது? வழிகள் பல. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளைத் தரும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் அலைகிறார்கள்.

காவல் நிலையத்துக்குப் போவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகாரை மேற்கொண்டு நடத்தும் முன் விசாரணை அதிகாரி, சார்பற்ற மருத்துவர் ஒருவரின், இயன்றால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும். எடுத்த எடுப்பில் கைது செய்யவும் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. மற்றவர்களுக்கு அது ஐந்தாண்டு வரை. எங்களுக்கு எவரையும் சிறைக்கு அனுப்பும் எண்ணம் இல்லை. அந்த வழியை விட்டோம். ஆனால் பட்டமில்லாத போலி வைத்தியரிடம் ஊசி போட்டு உயிர் போனதென்றால் காவல் நிலையமும், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகமும்தான் முதலில் போக வேண்டிய இடங்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கழகத்தில் புகார் செய்யலாம். மருத்துவரை எச்சரிக்கவோ, பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கவோ அதற்கு அதிகாரம் உண்டு. நஷ்டஈடு அங்கே கிடைக்காது.

நஷ்டஈட்டுக்கு உரிய இடம் நுகர்வோர் ஆணையம். மருத்துவம் ஒரு சேவை, கட்டணம் கொடுத்துப் பெறுபவர் நுகர்வோர் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்தவரோ செலுத்தியிருந்தாலும் அப்படியே. சிலரிடம் கட்டணம் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோரே. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் இடங்கள் மட்டும் இதில் வாரா.

அப்படியானால் அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்ட ஏழைக்கு வழியே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, ஆனால் அங்கே ஓராண்டுக்குள் போக வேண்டும். ஹரியானாவில் அரசு மருத்துவமனையில் கருத்தடை செய்தும் மீண்டும் குழந்தை பெற்ற கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் மாநிலத்திலேயே, 1996இல் சென்னை அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாமல் விட்டதால் பார்வை முழுதும் போயிற்று. குழந்தையின் தந்தை விடாமல் போராடினார். தேசிய ஆணையம் 5 இலட்சம் தந்தது. உச்ச நீதிமன்றம் 2015இல், அந்தப் பெண்ணின் வருங்காலச் செலவுக்கு மட்டும் 1 கோடியே 38 இலட்சம் என்று உயர்த்தியது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

எங்கள் வழக்குக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு எந்த ஆணையத்துக்குப் போகும் என்பது நாம் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்ததன்று, நாம் செலுத்திய கட்டணத்தைப் பொறுத்தது. 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையம். நாங்கள் முதல் மருத்துவமனையில் கட்டியது ஒரு இலட்சத்துச் சொச்சம். செலுத்திய தொகை 5 இலட்சத்துக்குள் இருந்தால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவமனை இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை; நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம் என்றும் சட்டம் சொல்கிறது. மருத்துவ வழக்கில் அந்தத் துணிச்சல் எங்களுக்கு இல்லை. வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பதை நம் சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டும். இது தெரியாமல் நகையை அடகு வைத்த ஒரு தாயை எங்களுக்குத் தெரியும்.

காலவரம்பு இரண்டாண்டு. இதில்தான் நாங்கள் ஏறக்குறைய தவறிப்போக இருந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நான்கு மாதம் போயிற்று. மீதிக் காலம் எங்கள் தயக்கத்தில் போயிற்று. அதற்கிடையில்தான் அந்தத் தூது வந்தது.

2023 ரமளானில், ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒருவர் இஃப்தாருக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்தார். மருத்துவமனை இரண்டு இலட்சம் தரத் தயாராக இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்றார். சுலுஹ் செய்வது மார்க்கத்தில் நல்லது என்றும் சொன்னார். உண்மைதான். சமாதானம் நல்லதே. முத்திரைத்தாளை வாங்கிப் படித்தோம். சிகிச்சையில் எந்தக் குறையும் நடக்கவில்லை என்று நாங்கள் மனமார ஒப்புக்கொள்வதாக அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மச்சான் அதுவரை எந்தக் காகிதத்தையும் கையில் எடுக்காதவர். அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "நான் ஒரு தடவை படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன் காக்கா. இதைப் படிச்சுட்டேன், போட மாட்டேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தமக்கும் பெற்றோருக்கும் எதிராகவே ஆயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை ஜும்ஆக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் பாரம் அன்று எங்கள் கூடத்தில் இருந்தது. வந்தவர் தேநீரைக் குடிக்காமலேயே எழுந்து போனார். அவரோடு இப்போதும் ஸலாம் மட்டுமே.

மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்கை ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் சமரச விதிகளில் இருப்பதைப் பின்னர்தான் அறிந்தோம். இத்தகைய தூதுகளில் எது நடக்கும் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள் போலும்.

2024 ஜனவரி கடைசி வாரத்தில், காலவரம்பு முடியப் பதினைந்து நாள் இருக்கையில், மச்சானும் பிள்ளைகள் இருவரும் மனுதாரர்களாக வழக்கைத் தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் கொடுக்கலாம், அதற்குமேல் கிடையாது. மருத்துவமனை 45ஆம் நாள் தந்தது. மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் ஆசை. ஏறத்தாழ இரண்டாண்டு ஆனது.

விசாரணையில் எங்களைக் குத்திய கேள்வி, எதிர்பார்த்ததுதான். "பிரேதப் பரிசோதனை ஏன் செய்யவில்லை?" மரணத்தின் காரணம் நிரூபிக்கப்படவில்லை என்பது அவர்கள் வாதத்தின் முதல் வரி. பல வழக்குகள் இந்த ஓரிடத்தில் விழுந்திருக்கின்றன. எங்களைக் காப்பாற்றியது திருச்சியில் செய்த இரண்டாம் அறுவையின் குறிப்பு. வயிற்றைத் திறந்தபோது கண்டதை ஒரு மருத்துவர் அன்றைக்கே எழுதி வைத்திருந்தார். அது இல்லாமல், முதல் மருத்துவமனையிலேயே ராத்தாவின் உயிர் பிரிந்திருந்தால், எங்கள் கையில் சந்தேகத்தைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. நியாயத்தை நிலைநாட்டத் தேவைப்படும்போது பிரேதப் பரிசோதனைக்கு அனுமதி உண்டு என்று நம் காலத்து உலமாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இதை நம் மஹல்லாக்களில் மரணம் நிகழாத நாளொன்றில் அமர்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஜனாஸா வாசலில் கிடக்கும்போது எவராலும் நிதானமாக மஸ்அலா கேட்க முடியாது. எங்களால் முடியவில்லை.

ஆணையம் கோப்பை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்டது. ஓய்வு பெற்ற மருத்துவர் எங்களிடம் சொன்னதையே குழுவும் சொல்லிற்று. நாளத்தில் பட்ட காயம் அறியப்பட்ட சிக்கல். ஒப்புதல் படிவத்திலும் அது குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்தே தென்பட்ட அறிகுறிகளுக்கு ஸ்கேன் எடுக்காததும், மூன்றாம் நாள் இரவு மருத்துவர் வராததும் உரிய கவனமாகாது. தீர்ப்பு அதையொட்டியே வந்தது. நாங்கள் கேட்டது 25 இலட்சம். ஆணையம் 6 இலட்சமும் வட்டியும் வழக்குச் செலவும் தரச் சொன்னது. அறுவை செய்த கையைக் குறைகூற முடியாது என்றும் தெளிவாக எழுதியது. ராத்தாவின் மகனுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. அது நியாயமானது என்றே எங்களுக்குப் படுகிறது.

மருத்துவமனை 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறது. அதற்காகத் தீர்ப்புத் தொகையில் பாதியைச் செலுத்தியும் விட்டது. வழக்கு நடக்கிறது. பணம் வந்தால் அதை எப்படிப் பங்கிடுவது என்று மச்சான் இப்போதே ஹஜ்ரத்திடம் கேட்டு வைத்திருக்கிறார். தியத்தைப் போலவே வாரிசுரிமைப்படி பங்கிடுவதே பேணுதல் என்றிருக்கிறார் அவர். அப்படியானால் உம்மாவுக்கும் ஆறில் ஒரு பங்கு. உம்மா தமக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

தீர்ப்பு வந்த அன்று மாலை, அதன் தமிழாக்கத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். இரவுப் பணி மருத்துவர் தம் பிரமாண வாக்குமூலத்தில், தமக்கு எவரும் தகவல் தரவில்லை என்று சொல்லியிருந்தார். செவிலியின் குறிப்பில் தகவல் தரப்பட்டதாக நேரத்தோடு எழுதப்பட்டிருப்பதால் அதை ஏற்க முடியாது என்று ஆணையம் கூறியிருந்தது. உம்மா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார். கோப்பை எடுத்துப் பார்த்தோம். 2.10 மணிக் குறிப்பின் கீழே முழுப்பெயர் இல்லை. இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒரு கோடும் மட்டும் இருந்தன. விசாரணையின்போது அவர் அந்த மருத்துவமனையில் வேலையில் இல்லை. அந்த இரண்டு எழுத்துகளையும் உம்மா எங்களைச் சொல்லச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டு மனனம் செய்துகொண்டார். தஹஜ்ஜுதுக்கு எழும்போது ராத்தாவின் பெயரையடுத்து அந்த எழுத்துகளையும் சொல்லித் துஆச் செய்கிறார்.